வரேன் என்று சொன்னவர்

"வரேன்னுதான் சொன்னாரா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. 'பாக்கறேன்'னு சொல்லலையே?"

"இல்ல சார். வரேன்னுதான் சொன்னார்."

"'கேட்டுச் சொல்றோம்'னு?"

"அதுவும் இல்ல சார்."

"இங்கிலீஷ்லயா, தமிழ்லயா?"

"தமிழ்லதான் சார். 'நல்ல வெளிச்சம் மேடம். வரேன்'னார். லிஃப்ட்ல ஏறிட்டார்."

எத்திராஜ் வலது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். முந்தைய நாள் அவர் கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் சென்னைக் கம்பெனிக்காரர் அவருடைய கட்டடத்தை வாடகைக்குப் பார்க்க வந்திருந்தார். வாயில் இன்னும் பஞ்சு இருந்ததால் எத்திராஜின் பேச்சு வீங்கி வெளியே வந்தது.

"ஆய்த்து," என்றார். "இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். 'வீ வில் கம் பேக்'னு சொல்லிட்டுப் போனவன் ஒருத்தன்கூட கம் பேக் பண்ணலை. தமிழ் பேசறவன் தமிழ்ல வரேன்னு சொன்னா, வரேன்னுதான் அர்த்தம்."

பாகீரதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மேசை மேலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, ஆறாவது மாடிச் சாவியை வளையத்தில் தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

சொல்ல வந்தது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அது விடைபெறும்போது சொல்கிற வரேன். பால்காரர் அப்படித்தான் சொல்கிறார், சிலிண்டர் போட வருகிறவர் அப்படித்தான் சொல்கிறார். எத்திராஜே தினமும் மாலையில் கார்க் கதவைத் திறந்துகொண்டு "வரேம்மா" என்று சொல்லித்தான் காக்ஸ் டவுன் வீட்டுக்குக் கிளம்புகிறார். வாசல் காவலுக்கு இருக்கும் கன்னடக்காரரும் ஷிஃப்ட் முடிந்தால் அவர் மொழியில் அதே வரேனை, "பர்த்தீனி" என்று சொல்லித்தான் சைக்கிளை எடுக்கிறார். போகிறவர்கள் எல்லோரும் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகிற ஊர் இது. ஆனால் இரண்டு வருடமாக ஆளில்லாத மாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் காதில் அந்தச் சொல் வேறு மாதிரி விழுந்துவிட்டது.

அவள் காதிலும் அப்படித்தான் விழுந்திருந்தது என்பதுதான் சங்கடம். அவர் வரேன் என்றதும் அவள் "வாங்க" என்றாள். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கதவின் முன்னால், யாரோ அழைத்துவந்து நிறுத்தியதைப் போல, நின்றுகொண்டிருந்தாள்.

அது தொண்ணூற்று ஒன்பதாம் வருடத்துக் கோடை. பெங்களூர் ரெசிடென்சி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு குறுக்குத் தெருவில் எத்திராஜின் கமலா சேம்பர்ஸ் ஆறு மாடியும் மொட்டை மாடியுமாக நின்றது. தரைத்தளத்தில் ஒரு வங்கிக் கிளை, முதல் மாடியில் ஒரு கண் டாக்டர். அதற்கு மேலே காற்று. வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே பார்க்கப் போய்விட்டார்கள். வைட்ஃபீல்டு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின, ஓசூர் ரோட்டில் புல்வெளி போட்டு அலுவலகம் கட்டினார்கள். ஊரின் நடுவே இருக்கிற தெருக்களுக்கு இனி என்ன வேலை என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். எத்திராஜ் அந்தப் பக்கத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிவார், யாரிடமாவது சண்டை போட.

"கிளை ஆபீஸ்னா என்னம்மா?" என்று பாகீரதியிடம் கேட்பார். அவளிடம் மட்டும்தான் கேட்பார், வேறு யாரும் நின்று கேட்பதில்லை. "ஒரு மேனேஜரு, நாலு டேபிளு, நாலு டிபன் பாக்ஸு. அஞ்சரைக்கு பூட்டு. ஹெட் ஆபீஸ்னா கதையே வேற. ஊர் ஊரா ஆள் வரும். வர்றவன் எங்க தங்குவான்? ஓட்டல்ல. எதுல வருவான்? டாக்ஸில. அவன் பின்னாலயே ஆடிட்டர் வருவான், ஆடிட்டர் பின்னால வக்கீல் வருவான். அவனுங்களுக்கு ரூம் வேணும், காபி வேணும், பொண்டாட்டிக்கு வாங்கிட்டுப் போறதுக்குப் புடவை வேணும். ஒரு ஹெட் ஆபீஸ் வந்தா தெருவுக்குத் தலை மொளச்ச மாதிரி. நம்ம தெரு இப்ப வெறும் முண்டம்."

சென்னையிலிருந்து வந்த கம்பெனி மின்சுவிட்சுகள் செய்கிற கம்பெனி. தொழிற்சாலைகள் ஓசூரில், தலைமை அலுவலகம் பாரிமுனையில். வேலை ஒரு மூலையில் நடக்க, கையெழுத்து இன்னொரு மூலையில் விழுகிறது என்று சலித்துப்போய், தலைமையகத்தையே பெங்களூருக்குக் கொண்டுவரலாமா என்று யோசித்தார்கள். இடம் பார்த்துச் சொல்ல அவர்கள் அனுப்பியவர்தான் சீனு. நிர்வாகப் பிரிவு மேலாளர். நாற்பதைத் தொட்ட வயது. சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியும் அளவு டேப்பும்.

எத்திராஜ் அன்று மாலையே தெருவுக்குச் சொல்லிவிட்டார். ஹெட் ஆபீஸ் வருகிறது. பஞ்சு வைத்த வாயோடு அவர் சொன்னதால், கேட்டவர்கள் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இரண்டு தடவை கேட்ட செய்தி நன்றாக மனதில் தங்கிவிடும் போலிருக்கிறது.

முதலில் அசைந்தது எதிர்ப்பக்கம் மெஸ் நடத்திய தனக்கோடி. நீலசந்திராவிலிருந்து விடியும் முன்பே ஆட்டோவில் குண்டான்களோடு வந்து இறங்குகிறவள். ஒரு பழைய கார் ஷெட்டில் நாலு பெஞ்சு போட்டிருந்தாள். பக்கத்தில் மூடிக்கிடந்த சைக்கிள் கடையையும் எடுத்துக்கொண்டு, நடுச்சுவரை இடித்து, சுவருக்கு ரோஸ் வர்ணம் அடித்தாள்.

"என்னா பாகீ, உன் கம்பெனி எப்ப வருது?"

"என் கம்பெனியா அக்கா?"

"பின்ன? உங்கிட்டதான வரேன்னு சொன்னாராம். எனக்கு சும்னே ஆள் வந்தா பத்தாது, ஏசி ரூம் ஆளு வரணும். அவனுங்கதான் பேசிக்கினே சாப்புடுவானுங்க, பேசிக்கினே ரெண்டாவது காபி சொல்லுவானுங்க. நம்ம ஆளுங்க துன்னுட்டுக் கையக் கழுவிக்கினு போயிருவானுங்க."

"இன்னும் ஒண்ணும் முடிவாகல அக்கா."

"நீ ஒண்ணு. செவுத்தையே ஒடச்சாச்சு."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம், மேலே இருந்து யாரோ ஒரு நூலைப் பிடித்து இழுத்த மாதிரி நடந்தது. ஹெட் ஆபீஸ் வரப்போகிற தெரு என்று ஒரு டிராவல்ஸ்காரர் இரண்டாவது மாடியை எடுத்தார். டிராவல்ஸ்காரரைப் பார்த்து ஒரு விளம்பரக் கம்பெனி மூன்றாவது மாடிக்கு வந்தது. அந்தக் கம்பெனிப் பெண்கள் குட்டை முடியோடும் பெரிய பைகளோடும் படியேறுவதைப் பார்த்து, பக்கத்து பங்களாக்காரர்கள் முன்வராந்தாவைக் காபிக் கடைக்கு விட்டார்கள். தெருமுனையில் பூங்கொத்துக் கடை வந்தது. அந்தத் தெருவில் அதுவரை பூ என்றால் முழம் போட்டு விற்பதுதான். வாடகை ஏறியது. ஏறியதைக் கேள்விப்பட்டு, ஏறுகிற இடம்தான் நல்ல இடம் என்று இன்னும் சிலர் வந்தார்கள். இன்னும் வராத ஒருவர் பெயரைச் சொல்லி எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள்.

ஆறாவது மாடியை மட்டும் எத்திராஜ் யாருக்கும் கொடுக்கவில்லை.

பாகீரதி மதியச் சாப்பாட்டை அங்கேதான் சாப்பிடுவாள். பத்துப் பதினைந்து குடும்பங்கள் குடியிருக்கலாம் என்கிற அளவுக்கு அகலமான தளம், நடுவே தூண்கள், தரை முழுக்க சிமெண்டுத் தூசி. கிழக்கு ஜன்னலோரம் ஒரே ஒரு மர நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் தூங்குமூஞ்சி மரங்களின் தலைகள் பச்சை மேடுகளாக அல்சூர் ஏரி வரைக்கும் போகும். தெருவில் நடக்கும்போது மரங்கள் மனிதர்களுக்குக் கூரையாக இருக்கின்றன. இங்கிருந்து அவை தரையாகத் தெரிந்தன, இறங்கி நடந்தால் கால் புதையும் போல. ஏரிக்கு இந்தப் பக்கம் ஜோகுபாளையம். அங்கே ஏதோ ஒரு ஓட்டுக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் அவளுடைய அறை இருந்தது. எது என்று ஒருநாளும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆம்பூரில் அப்பா, அம்மா இருவரும் போன பிறகு, அண்ணன் வீட்டில் ஒரு வருடம் இருந்து பார்த்துவிட்டு, இங்கே வந்து ஆறு வருடம். வேலை ஒன்றும் மோசமில்லை. லிஃப்ட், ஜெனரேட்டர், தண்ணீர் லாரி, காலி மாடிகளைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டுவது. பகலெல்லாம் பேசத்தான் செய்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குரலைத் தானே கேட்காமல் அவள் தூங்கிவிடுவதுண்டு. திங்கட்கிழமை காலை காவல்காரரிடம் பேசுகிற முதல் வார்த்தை தொண்டையில் உரசிக்கொண்டு வரும். ஒவ்வொரு காலையும் அறையைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்குவாள். வரேன் என்று சொல்வதற்கு உள்ளே யாரும் இல்லை. முதல் வருடம் அது தோன்றவில்லை. நான்காவது வருடத்திலோ என்னவோ, படியில் பாதி இறங்கி எதையோ மறந்துவிட்டோம் என்று நின்று, குடையா, சாவியா என்று துழாவிப் பார்த்து, எல்லாம் இருந்ததைக் கண்டபோதுதான் தெரிந்தது.

சீனு அடுத்த தடவை வந்தது மழைக்காலத் தொடக்கத்தில். எத்திராஜ் கீழேயே மாலை போடாத குறையாக வரவேற்று, இந்தத் தெரு எங்கே போய் நிற்கப்போகிறது என்று கால் மணி நேரம் பேசிவிட்டு, வங்கி மேலாளர் கூப்பிடவே போனார். பாகீரதி சீனுவை மேலே அழைத்துப்போனாள்.

அவர் டேப்பை நீட்ட, அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தூணிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து சுவருக்கு. அவ்வளவு பெரிய தளத்தில் இருவரும் எதிரெதிர் கோடியில் நின்று, நடுவே ஒரு மஞ்சள் பட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அளவை அவர் உரக்கச் சொன்னார். எதிரொலித்தது.

"தண்ணி எப்படி மேடம்?"

"காவேரி ஒருநாள் விட்டு ஒருநாள் சார். போர் இருக்கு. கோடையில லாரி."

"எல்லாரும் 'தண்ணிக்குப் பிரச்சினையே இல்ல'ன்னுதான் சொல்றாங்க."

"பிரச்சினை உண்டு சார். நாங்க சமாளிப்போம்."

அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஜன்னலுக்குப் போனார். அந்த நாற்காலியைப் பார்த்தார்.

"இங்க யாரு ஒக்கார்றாங்க?"

"யாரும் இல்ல சார். நான் மத்தியானம் சாப்பிடுவேன்."

"இங்க ஒக்காந்தா சாப்பாடு எறங்குமா? மரத்தையே பாத்துக்கிட்டு இருக்கத் தோணாது?"

"தோணும் சார். சாப்பாடு ஆறிடும்."

"பாரிஸ்ல என் சீட்டுக்குப் பக்கத்துல செவுரு," என்றார் அவர். பாரிமுனையைத்தான் சென்னைக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். "அது மேல காலண்டர். காலண்டர்ல ஊட்டி. இருபது வருஷமா மாசத்துக்கு ஒரு ஊட்டி பாத்தாச்சு. கம்பெனி இங்க வந்துட்டா நானும் கூடவே வரணும். வேற யாரும் அனுப்பறதுக்கு இல்ல, எனக்குத்தான் வீட்டுல கேக்க ஆள் இல்ல." நாற்காலியின் முதுகைத் தொட்டு, "என் சீட்டு இந்த ஜன்னல் பக்கம் போட்டுக்கட்டுமா?" என்றார்.

கேட்டவிதம், கட்டடமே அவளுடையது என்பது போலிருந்தது. "போட்டுக்குங்க சார்," என்றாள் பாகீரதி. அன்றிலிருந்து அந்த நாற்காலி அவளுக்குள் அவருடையதாகிவிட்டது. மதியம் அதில் உட்காரும்போது ஓரமாக உட்கார்ந்தாள்.

அன்று மெஸ்ஸில் தனக்கோடி அவர் இலையில் கேட்காமலே மூன்று அப்பளம் வைத்தாள், தயிரில் ஏடு தேடிப் போட்டாள். "சார் நம்மளுக்காக மெட்ராஸ விட்டுட்டு வர்றாரு, பத்தியமாவா சாப்புட வெக்கறது," என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் பாகீரதியைப் பார்த்தார். அவள் ரசத்தைப் பார்த்தாள்.

கைகழுவிவிட்டு வரும்போது பாகீரதி, "சரி சார், நான் போறேன், ஆபீஸ்ல ஃபோன் வரும்," என்றாள்.

அவர் சட்டென்று நின்றுவிட்டார். "என்ன மேடம், போறேங்கறீங்க?"

"ஏன் சார்?"

"எங்க அம்மா இருந்திருந்தா உங்கள விட்டிருக்க மாட்டாங்க. எங்க வீட்ல யாராவது வாய்தவறி அந்த வார்த்தைய சொல்லிட்டா ஆச்சு. ட்ரெயினே கெளம்பினாலும் சரி, செருப்பக் கழட்ட வெச்சு உள்ள கூப்பிடுவாங்க. ஒக்கார வெச்சு, ஒரு சொம்பு தண்ணி குடுத்து, முழுசா குடிக்க வெச்சு, அப்பறம் 'வரேன்'னு சொல்ல வெச்சுதான் வாசப்படி எறக்குவாங்க. எங்க மாமா ஒருத்தர் இதுக்குன்னே வேணும்னு போறேன்னு சொல்லுவார். ரெண்டாவது தடவ காபியே கெடைக்கும்." அவர் குரலில் சிரிப்பு இருந்தது. "எனக்கு அந்த வார்த்தையே வாயில வராது இப்பவும்."

பிறகு அவள் கவனித்தாள். நிஜமாகவே அவர் வாயில் அது வரவில்லை. ஓசூர் கிளம்பணும் என்பார், ஸ்டேஷனுக்கு நேரமாச்சு என்பார். கடைசியில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரேன் என்பார். "வாங்க" என்பாள் அவள். லிஃப்ட் கதவு மூடும்.

தீபாவளிக்கு முன் ஒருமுறை வந்தார், பொங்கல் கழிந்து ஒருமுறை. நடுவில் ஃபோன் செய்தார். ஜெனரேட்டர் எத்தனை கிலோவாட், கார் நிறுத்த இடம் எவ்வளவு, லிஃப்டில் எத்தனை பேர். எல்லாம் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவை. அவளும் முதல் தடவை சொல்வதைப் போலவே சொன்னாள். ஒருநாள் கேள்விகள் தீர்ந்துபோய், "அங்க மழையா?" என்றார். "தூறல் சார்" என்று சொல்லிவிட்டு, ஃபோனை வைத்த பிறகுதான் வெளியே பார்த்தாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அறையைப் பூட்டிவிட்டு இறங்கும்போது அவளுக்கு இப்போது தனியாக நடக்கிற மாதிரி இல்லை. பேருந்தில் மேயோ ஹால் நிறுத்தம் வரும் முன்பே எழுந்து நின்றாள். சம்பளம் வாங்கி ஒரு துணியும் வாளியும் வாங்கிவந்து, ஒரு சனிக்கிழமை ஆறாவது மாடியின் கிழக்கு ஜன்னலை மட்டும் துடைத்தாள். கம்பெனி வருமா என்று எத்திராஜ் இப்போதெல்லாம் கேட்பதில்லை. அவருக்கு மற்ற மாடிகள் நிறைந்துவிட்டன. தெருவில் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான், அதுவும் வாய்விட்டு இல்லை. கம்பெனி வந்தால் அவர் வருவார். தினமும் வருவார். தினமும் மாலையில் வரேன் என்பார், மறுநாள் காலையில் அது உண்மையாகும். அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஃபோனும் நின்றது. கோடை வந்து மாமரங்கள் காய்த்து உதிர்த்தன.

ஜூன் மாதம் எத்திராஜ் அவளைக் கூப்பிட்டார்.

"ஆறாவது மாடியக் குடுத்தாச்சும்மா. கால் சென்டராம். அமெரிக்காக்காரனுக்கு நம்ம பிள்ளைங்க ராத்திரி ஃபோன்ல பதில் சொல்லணுமாம். ராத்திரியெல்லாம் லைட் எரியும். பாரு, நம்ம கட்டடம் கப்பல் மாதிரி நிக்கப்போவுது."

"சார், அந்தச் சென்னை கம்பெனி..."

"வரேன்னு சொல்லி ஒரு வருஷம் ஆச்சு. வரேன்னவனுக்காக வந்து நிக்கறவனைத் திருப்பி அனுப்பறதா?" சற்று யோசித்து, நல்ல மனதோடுதான் சொன்னார். "நான் குறை சொல்லலம்மா. அவர் வரலன்னாலும் வந்த மாதிரிதான். அவர் பேரைச் சொல்லித்தான் இவ்ளோ பேர் வந்தாங்க. பாத்தா கும்பிடணும் அவரை."

பாகீரதி சாவியை வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். நகம் உடைந்தது.

இனி அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அந்த வாரம் முழுக்க அவள் நினைப்பு. உங்கள் ஜன்னலைக் கொடுத்துவிட்டோம் சார். முதலாளி முடிவு சார். சென்னை நம்பர் அவளிடம் இருந்தது. தினமும் ஒருமுறை ஃபோனை எடுத்து, தினமும் வைத்தாள்.

அவர் ஒரு புதன்கிழமை சொல்லாமல் வந்து நின்றார். கையில் டேப் இல்லை. தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். இடம் மாறி வந்துவிட்டாரோ என்று நினைத்ததாகச் சொன்னார்.

"மேல ஒரு தடவ பாக்கலாமா மேடம்?"

இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். கதவு திறந்ததும் ரம்பச் சத்தம். தச்சர்கள் தளம் முழுக்க இடுப்பளவு தடுப்புகள் வைத்துச் சின்னச் சின்னக் கூண்டுகளாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கிழக்குச் சுவர் நெடுக கறுப்பு ஒட்டுக் காகிதம். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது இங்கே இருட்டு தெரியக் கூடாதாம், ஜன்னலை மூடச் சொல்லிவிட்டார்கள். அந்த மர நாற்காலியின் மேல் ஒருவர் செருப்போடு ஏறி நின்று விட்டத்தில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றாள் பாகீரதி. "போன வாரந்தான் குடுத்துட்டாங்க. நான் ஃபோன் பண்ணியிருக்கணும்."

"நானும் அதேதான் சொல்ல வந்தேன், மன்னிச்சுக்குங்கன்னு," என்றார் அவர். "கம்பெனிய வித்துட்டாங்க மேடம். வாங்கினவங்க டெல்லிக்காரங்க. ஹெட் ஆபீஸ் குர்கான்ல. பாரிஸ் ஆபீஸ மூடியாச்சு. என்னை அங்க வரச் சொல்லிட்டாங்க. எனக்கு இந்தியே வராது." கறுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னலை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குப் பின்னால் மரங்கள் இருப்பது தெரிந்தவர் பார்க்கிற மாதிரி. "நேர்ல சொல்லணும்னு தோணுச்சு. அங்க என்ன ஜன்னல் இருக்கோ."

"எப்ப சார் கிளம்பறீங்க?"

"இங்கேர்ந்தே. ஓசூர்ல சாமான் ஒப்படைச்சாச்சு. ராத்திரி ட்ரெயின்."

ஒயர் இழுத்தவர் நாற்காலியிலிருந்து குதித்தார். அது ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நின்றது.

"தெருவே மாறிப்போச்சே மேடம். ஒரே வருஷத்துல. யாரால இது?"

"உங்களாலதான் சார்."

அவர் திரும்பினார். பாகீரதி சொன்னாள். பல் பிடுங்கப் போன முதலாளி, மறுநாள் அவர் கேட்ட கேள்வி, இடிந்த சுவர், டிராவல்ஸ்காரர், பூங்கொத்துக் கடை. மூன்று அப்பளம் எதற்கு என்பதையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் வாய் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நின்றுபோயிற்று.

"நான் கிளம்பறதுக்கு சொன்னது மேடம் அது."

"தெரியும் சார்."

"அன்னிக்கே தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

ரம்பம் ஒரு பலகையை முழுவதும் அறுத்து முடிக்கிற வரைக்கும் அவள் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து, போட்டுக்கொள்ளாமல் அப்படியே பைக்குள் வைத்தார்.

லிஃப்டை நோக்கி நடந்தார்கள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கதவு திறந்தது. உள்ளே ஒரு கால் வைத்து, கதவு மூடாமல் கையால் தடுத்துக்கொண்டு, எப்போதும் போலத் திரும்பினார். அவர் உதடு 'வ'வுக்குக் குவிவதை அவள் பார்த்தாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா?"

"சொல்லுங்க."

தச்சர்கள் டீக்காக வேலையை நிறுத்தியிருந்தார்கள். சுவரோரம் அவர்களுடைய தண்ணீர்க் குடம், மூடியின் மேல் கவிழ்த்த சொம்போடு இருந்தது. பாகீரதி அவர் அம்மாவை நினைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வரேன்னு சொல்லாதீங்க சார். போறேன்னு சொல்லுங்க."